மூன்று நாள் மலை நடை: டீச்சரிடம் கேட்டவை

டீச்சர் அரூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தேரி, வத்தல்மலை, மேலகிரி என்று தோழிகளோடும் பழைய மாணவிகளோடும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார். நண்பர்களோடு அவசரமில்லாமல் மலை ஏறுவது பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்றார். கேட்டார்கள். கேட்டவரின் ஊர் முன்னால், டீச்சரின் பதில் அதன் கீழே.

ஓசூர்: டீச்சர், நாங்கள் ஐந்து பேர், மூன்று நாள் லீவு. யாருக்கும் பழக்கமில்லை. மூச்சிரைக்க ஓடி ஏறவும் விருப்பமில்லை. எந்த மலைக்குப் போகலாம்?

வத்தல்மலைக்குப் போங்கள் தம்பி. தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். இப்போது இருபதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளோடு ரோடே இருக்கிறது. பைக்கில் போய் நாலு போட்டோ எடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

மலை மேலே ஊர் இருப்பதுதான் அங்கே பெரிய வசதி. பெரியூர், பால்சிலம்பு என்று மலையாளி என்கிற பழங்குடி மக்களின் (கேரளக்காரர்கள் அல்ல) சிற்றூர்கள், நடுவே காபி, மிளகு, சாமை. முதல் நாள் விடிகாலை கிளம்பி, வெயில் ஏறுமுன் பாதிக்கு மேல் ஏறிவிடுங்கள். இரண்டாம் நாள் மூட்டையைத் தங்கிய வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலோடு ஊர் ஊராகச் சுற்றுங்கள். இந்த நாளைத்தான் எல்லோரும் வெட்டிவிடுகிறார்கள். வெட்டினால் அப்புறம் மூன்று நாள் எதற்கு? மூன்றாம் நாள் இறக்கம். தங்குவதற்கு முன்கூட்டியே ஊரில் பேசிவைத்துக்கொள்ளுங்கள், காசு கொடுங்கள். ரோட்டை விட்டுக் காட்டுப் பாதையில் ஏறுவதென்றால் வனத்துறையிடம் கேட்டுவிட்டு, உள்ளூர் ஆள் ஒருவரோடு போங்கள்.

குளிர் பற்றி ஒன்று. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். தருமபுரி நகரமே 450 மீட்டருக்கு மேல்தான் இருக்கிறது, மலை மேலே ஆயிரத்தைத் தாண்டும். ஆக நாலு டிகிரி வித்தியாசம். கேட்கச் சின்னதாக இருக்கும், டிசம்பர் ராத்திரியில் காற்றும் சேர்ந்தால் தெரியும். அதற்காகத் தீ மூட்டிக் குளிர் காய வேண்டாம். ஸ்வெட்டர் கொண்டுபோங்கள்.

பாலக்கோடு: குத்திராயன் உச்சியில் டென்ட் போட்டு இரண்டு இரவு தங்க ஆசை. முடியுமா அக்கா?

முடியாது. குத்திராயன் இருப்பது மேலகிரியில். அந்த மலைத்தொடரின் காடுகளில் பெரும்பகுதியைச் சேர்த்து 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தார்கள், 500 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2022இல் காவிரி தெற்கும் வந்தது. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஏறிப் பார்க்க வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று நாற்பது பாதைகளைத் திறந்தது, குத்திராயனும் அதில் ஒன்று. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு காலையில் ஏறி அன்றைக்கே இறங்கலாம். கோடையில் காட்டுத்தீக் காலம் வந்தால் மூடிவிடுவார்கள், தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்கிறவர்களுக்கு: 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள், இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி எவ்வளவு வேகமாகப் போகும் தெரியுமா? மனிதன் ஓடி ஜெயிக்க முடியாது. பீடித்துண்டு கூட வேண்டாம்.

காரிமங்கலம்: அம்மாவுக்கு 62 வயது. தீர்த்தமலை ஏறலாமா?

தாராளமாக. வெயிலுக்கு முன்னால். வாழைப்பழம் வெளியே தெரிய வேண்டாம், குரங்கு பிடுங்கும்.

ஊத்தங்கரை: பையில் எவ்வளவு எடை தூக்கலாம்?

உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு மேல் எல்லை. அறுபது கிலோ ஆள் என்றால் பன்னிரண்டு. பழக்கமில்லாதவர்கள் எட்டோடு நிறுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நேரக் கணக்குக்கு 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன வழி இன்றும் உதவும்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. எட்டு கிலோமீட்டர் நடந்து 600 மீட்டர் ஏறினால் இரண்டரை மணிக்குச் சற்று மேல். நம் வெயிலுக்கும் மூட்டைக்கும் பேச்சுக்கும் அதை இரண்டால் பெருக்குங்கள்.

அரூர்: சாப்பாட்டுக்கு என்ன கொண்டுபோவது டீச்சர்? ஸ்டவ் வாங்கலாமா?

வேண்டாம். முதல் நாளுக்குப் புளிச்சோறு, நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டு, வெங்காயம் சேர்க்காமல். அப்புறம் வறுத்த நிலக்கடலை, வெல்லம், வறுத்த ராகி மாவு. மேலே போனால் ஊரில் சாப்பாடு சொல்லிவிடலாம்.

*ஓசூர் தம்பி குறுக்கிட்டார்: ராகி மாவா! களி கிண்டாமல் மாவை என்ன செய்வது? ஸ்டவ், சட்டி, நூடுல்ஸ் பாக்கெட் இருந்தால் பத்து நிமிட வேலை.*

பத்து நிமிட வேலைக்கு நீ தூக்குகிற எடையைக் கணக்குப் போடு கண்ணு. ஸ்டவ், கேஸ் டப்பா, சட்டி, கரண்டி எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை கிலோ. நூடுல்ஸுக்குத் தண்ணீர் வேறு. வறுத்த மாவை வெல்லத்தோடு பிசைந்து உருட்டினால் நடந்துகொண்டே சாப்பிடலாம்.

*பென்னாகரத்திலிருந்து ஒருவர்: வறுத்த மாவு உருண்டை தொண்டையில் நிற்கும். களிதான் மலைக்கு ஏற்றது. காலையில் ஓர் உருண்டை போட்டால் சாயங்காலம் வரை பசிக்காது.*

பசிக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஏறவும் முடியாது. களியைத் தின்றுவிட்டுச் செங்குத்தாக ஏறிப் பாருங்கள், முதல் நிழலில் படுத்துவிடுவீர்கள். களி ராத்திரிக்கு. மலையில் சமைத்துத் தரும் வீட்டில், கொள்ளுக் குழம்போ கீரையோ ஊற்றித் தின்றுவிட்டுத் தூங்குங்கள்.

*கிருஷ்ணகிரி: கம்மங்கூழைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போகலாமே?*

காலையில் குடித்துவிட்டுக் கிளம்பலாம். பாட்டிலில் அடைத்து வெயிலில் தூக்கினால் புளித்து மூடி தெறிக்கும், பை முழுக்கக் கூழ்.

*ஓசூர் தம்பி மறுபடியும்: ஆனாலும் சூடாக ஒரு டீ...*

டீக்கு ஊரில் கடை இருக்கும், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு வீட்டில் கேள், கொடுப்பார்கள். காட்டுக்குள் நெருப்பு இல்லை. ஸ்டவ்வும் நெருப்புதான். களிச்சண்டை போதும், அடுத்தவர் கேட்கட்டும்.

பென்னாகரம், வேறொருவர்: குத்திராயனில் டென்ட் போடாமல் கேம்ப்ஃபயர் மட்டும்?

மேலே பாலக்கோட்டுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

மொரப்பூர்: பாம்பு கடித்தால்? மலையில் கட்டுப் போட்டு விஷத்தை உறிஞ்சலாமா?

கூடவே கூடாது. கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது மூன்றும் கெடுதல். மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள், வீக்கம் வரும். கடிபட்ட கை காலை அசையாமல் கட்டைவைத்து நிறுத்துங்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வண்டிக்கு வாருங்கள். 108க்குச் சொல்லுங்கள், சிக்னல் இல்லையென்றால் ஊரில் கிடைக்கும் வண்டியில் அரசு மருத்துவமனைக்கு. பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். கடிக்காமல் இருக்க: இருட்டில் டார்ச், காலையில் ஷூவை உதறிப் போடுவது, கையைக் கல் இடுக்கில் விடாமலிருப்பது.

தேன்கனிக்கோட்டை: எங்கள் பக்கம் நவம்பரில் நடக்கலாமா?

ராகி அறுவடைக் காலம். பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் இறங்கி வரும் மாதங்கள் அவை. உங்களுக்கே தெரியும், என்னிடம் கேட்கிறீர்கள். அந்த மாதங்களில் அங்கே நடக்காதீர்கள். சித்தேரிக்கு வாருங்கள், அரூரிலிருந்து பஸ் உண்டு, மலை மேல் அறுபதுக்கு மேல் சிற்றூர்கள், ஊருக்கு ஊர் நடக்கலாம்.

தருமபுரி, ஒரு மாணவி: அக்கா, மூன்று நாளில் பீரியட்ஸ் வந்துவிட்டால்?

வரட்டும், நடக்கலாம். நாப்கினைக் காட்டில் வீசாமல் பேப்பரில் சுற்றி, கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிடு. கழிப்பறை இல்லாத இடத்தில் ஓடையிலிருந்து எழுபது, எண்பது காலடிகளாவது தள்ளி, ஒரு சாண் ஆழம் குழி தோண்டி மூடிவிடு. குழுவில் எல்லோருக்கும் இதே விதி, ஆண்களுக்கும் சொல்லிவை.

காவேரிப்பட்டணம்: யூடியூபில் ஒருத்தர் குத்திராயனில் டென்ட் போட்டிருந்தாரே?

அபராதம் கட்டினாரா என்று அவரிடமே கேளுங்கள்.

பாப்பிரெட்டிப்பட்டி: ஏறுவது பரவாயில்லை, இறங்கும்போதுதான் முட்டி போகிறது.

இறக்கத்தில்தான் முட்டிக்குப் பாரம் அதிகம். அடியைச் சின்னதாக வையுங்கள், முட்டியை விறைக்காமல் கொஞ்சம் மடக்கியே வையுங்கள். இரண்டு கையிலும் கம்பு வைத்துக்கொண்டால் நல்லது. கிளம்புவதற்கு முன் ஒரு மாதம் தினமும் மாடிப்படி இறங்கிப் பழகுங்கள், ஏறுவதை விட இறங்குவதையே அதிகம். ஷூ முன்பக்கம் ஒரு விரல் இடம் விட்டு வாங்குங்கள், முதல் நாள் ராத்திரியே கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் இறங்கி முடிப்பதற்குள் பெருவிரல் நகம் கறுத்துவிடும்.