பச்சைச் சாறு யாருக்கு நல்லது?

கேள்வி: நானும் கணவரும் தினமும் காலையில் வெறும் வயிற்றில் பாலக்கீரை, கொத்தமல்லி, சுரைக்காய், பாகற்காய் அரைத்து வடிகட்டி, ஆளுக்கு ஒரு பெரிய டம்ளர் குடிக்கிறோம். ரத்தம் சுத்தமாகும் என்கிறார்கள். அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு. போன மாதம் கிரியாட்டினின் 1.9 என்று வந்தது. தொடரலாமா? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கணவர் நாளைக் காலையிலிருந்து குடிக்கவே வேண்டாம். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு. அது ரத்தத்தில் 1.9 என்றால் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்துவிட்டது என்று பொருள். அதற்குச் சாறுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பத்து வருடச் சர்க்கரையே போதும். ஆனால் தளர்ந்த சிறுநீரகத்தின் மேல் தினமும் பாரம் ஏற்றுகிறீர்கள். பாலக்கீரையில் ஆக்ஸலேட் என்ற உப்பு மிக அதிகம். கூட்டு வைத்தால் ஒரு கட்டு வீட்டுக்கே வரும். சாறென்றால் அது முழுக்க ஓரிரு டம்ளரில் இறங்கிவிடுகிறது. அந்த ஆக்ஸலேட் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிச் சிறுநீரகத்தில் தங்கும். போதாததற்குக் கீரையில் பொட்டாசியமும் உண்டு. அதைத் தேவைக்கு மேல் சேரவிடாமல் வெளியேற்றுவதும் சிறுநீரகத்தின் வேலைதான்.

கேரளத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஆக்ஸலேட் நிறைந்த இரும்பன் புளி என்ற புளிப்புக் காயைச் சாறெடுத்துக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்ததாக 2013இல் அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. அதே காயை மீன் குழம்பில் போட்டும் ஊறுகாய் போட்டும் காலங்காலமாகச் சாப்பிடுகிற ஊர் அது. காயை யாரும் குறை சொல்ல முடியாது. அளவும் முறையும் மாறியதுதான் வினை.

சரி, உங்களுக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தச் சுரைக்காய் எனக்குப் பயமாக இருக்கிறது. சில காய்களில் குக்குர்பிட்டசின் என்ற கசப்பு நச்சு ஏறிவிடும். 2010இல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி சுரைக்காயும் பாகற்காயும் கலந்த சாற்றைக் குடித்து இறந்தார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்தது. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கவே கூடாது, குடித்தபின் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றது அந்தக் குழு. இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. பாகற்காயோடு சேர்த்து அரைத்தால் சுரைக்காயின் கசப்பு உங்களுக்கு எப்படித் தெரியும்? சமையலுக்கு நறுக்கும்போதுகூட ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் அப்படியே குப்பையில் போடுங்கள்.

ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. எந்தச் சாறும் அந்த வேலையைச் செய்வதில்லை. வடிகட்டி நீங்கள் எறிகிற சக்கையில்தான் நார்ச்சத்து போகிறது. சர்க்கரைக்காரருக்கு வேண்டியதே அதுதான். கீரையிலுள்ள கரோட்டின் உடம்பில் ஒட்டக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். பாலக்கை வேகவைத்து நீரை வடித்தால் ஆக்ஸலேட்டில் ஒரு பகுதி அதோடு போய்விடும். ஆகவே உங்களுக்கு என் பதில்: கீரையைக் குடிக்காதீர்கள், சாப்பிடுங்கள். ஒரு நாளைக்கு 100 கிராம், பருப்போடு கடைந்து, நல்லெண்ணெயில் தாளித்து. வீட்டில் யாராவது ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டால் மட்டும் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

உங்கள் கணவருக்கு எந்தக் கீரை, எவ்வளவு என்பதை அவருடைய பொட்டாசியம் அளவைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இந்த வாரமே போங்கள். எத்தனை மாதமாக, என்னென்ன போட்டுச் சாறு குடித்தார் என்பதை ஒன்று விடாமல் அவரிடம் சொல்லுங்கள்.