அபார்ட்மென்ட் எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) தண்ணீரை மிளகாய், தக்காளிச் செடிக்கு ஊற்றலாமா? அதில் செடிகளைத் தாக்கும் வைரஸ் இருக்குமா?

இருக்கும். பெங்களூரில் தண்ணீர்ப் பரிசோதனை லேப் ஒன்றில் வேலை செய்கிறேன். கழிவுநீரில் ஏராளமாகக் கிடைப்பது மிளகாய்ச் செடியின் வைரஸ்தான். பெப்பர் மைல்ட் மாட்டில் வைரஸ் என்று பெயர். மிளகாய்த்தூள், சாஸ் வழியாக வயிற்றுக்குள் போய், செரிக்காமல் வெளியே வந்துவிடுகிறது. மனித மலத்தில் உள்ள, ஆர்.என்.ஏ.வை மரபுப்பொருளாகக் கொண்ட வைரஸ்களை 2006-ல் ஆராய்ந்தவர்கள் மிக அதிகமாகக் கண்டதும் இதைத்தான்: காய்ந்த எடையில் கிராமுக்கு 100 கோடி வரை. பெருகுவது செடியில்தான், நம் குடல் அதற்கு வெறும் வழி.

சரி, அது உயிர்ப்போடு இருக்கிறதா? வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கி எண்ணும் பிசிஆர் சோதனை இதைச் சொல்லாது. செயலிழந்த வைரஸின் ஆர்.என்.ஏ. துண்டையும் சேர்த்தே எண்ணிவிடும். அதற்கு இலைதான் சாட்சி. நிக்கோட்டியானா குளுட்டினோசா என்ற காட்டுப் புகையிலையின் இலையில் கார்போரண்டம் தூளை (இலையில் நுண்ணிய கீறல் போடும் சொரசொரப்பான பொடி) லேசாகத் தூவுவோம். செறிவாக்கிய தண்ணீர் மாதிரியில் விரலை நனைத்து, காம்பிலிருந்து நுனிவரை மெல்லத் தடவுவோம். அழுத்தினால் இலை கிழியும். மேலோட்டமாகத் தடவினால் வைரஸ் உள்ளே போகாது. மறுபாதி இலையில், ஒப்பிட்டுப் பார்க்க, வைரஸ் இல்லாத வெறும் பஃபர் கரைசல். மூன்று, நான்கு நாளில் குண்டூசித் தலை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் வந்தால், வைரஸுக்கு இன்னும் தொற்றும் திறன் இருக்கிறது.

ஒரு ஏப்ரலில் கரண்ட் போய், செடி வைத்த அறை சூடாகிவிட்டது. புள்ளியே வரவில்லை. 'தொற்று இல்லை' என்று எழுதப் போனேன். அப்புறம்தான் உறைத்தது: 28 டிகிரிக்கு மேல் போனால் இந்தச் செடியில் புள்ளி விழாது, வைரஸ் சத்தமில்லாமல் செடி முழுக்கப் பரவும். எல்லாவற்றையும் மறுபடி செய்தேன்.

ஸ்லோவேனியாவில் சுத்திகரித்து வெளியேற்றிய நீரிலும் இந்தக் குடும்பத்து வைரஸ்கள் தொற்றும் திறனோடு இருந்ததாக 2020-ல் வெளியிட்டார்கள். இவை பரவப் பூச்சி தேவையில்லை. கையும் கத்தரிக்கோலும் போதும். அதனால் எஸ்டிபி தண்ணீரைப் புல்தரைக்கும் பனைவகைச் செடிகளுக்கும் விடுங்கள். மிளகாய், குடமிளகாய், தக்காளிக்கு மழைநீரோ காவிரித் தண்ணீரோ கொடுங்கள். ஏற்கெனவே ஊற்றியிருந்து, இலையில் வெளிர் திட்டுகள் தெரிந்தால் செடியை வேரோடு எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பெங்களூரின் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கில் சுத்திகரித்த கழிவுநீர் 2018 முதல் கோலார் ஏரிகளுக்குப் போகிறது. கோலார், தக்காளி விளையும் ஊர். அந்த ஏரி நீரை பிசிஆரோடு விடாமல் இலையிலும் தடவிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.