எச்.ஆர். (மனிதவளத் துறை) வேலைக்கு மாறுகிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும்

வங்கியில் ஆறு வருடம் சேல்ஸ். எச்.ஆருக்கு மாற ஆசைப்பட்டு, அனுபவசாலிகள் பத்துப் பேருக்கு லிங்க்ட்இனில் ‘வழிகாட்டுங்கள் சார்’ என்று எழுதினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. ஏன்?

எனக்கும் வாரத்துக்கு நாலு வரும், நானும் போடுவதில்லை. ‘வழிகாட்டுங்கள்’ என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது? ‘நோட்டீஸ் பீரியட் முடிக்காமல் போனவருக்கு செட்டில்மென்ட் எப்படிப் போடுவீர்கள்’ என்று கேட்டுப் பாருங்கள், டீ குடிக்கிற நேரத்தில் இரண்டு பத்தி தட்டிவிடுவார்கள். உங்களுக்கு ஆளெடுப்புதான் நல்ல வாசல். ஆஃபர் லெட்டர் வாங்கிக்கொண்டு சேருகிற நாளில் போனை அணைத்துவிடுகிறவரைச் சமாளிக்க சேல்ஸ் பொறுமை வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டிரெய்னி. மேனேஜருக்கு நேரமே இல்லை, யாரிடம் கற்றுக்கொள்வது?

வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் பார்க்கிற டைம் ஆபீஸில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கும் அண்ணன் ஒருவர் இருப்பாரே, அவரிடம். மாதாமாதம் 15ஆம் தேதிக்குள் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கட்ட வேண்டும், அதற்கு முந்தைய இரண்டு நாள் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். ஒருவரின் சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாயைத் தாண்டிய மாதமே இ.எஸ்.ஐ. பிடித்தத்தை நிறுத்திவிடலாம் என்று நினைப்பீர்கள். கூடாது, ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இருக்கும் பருவம் முடியும்வரை பிடித்தாக வேண்டும்.

நான் புதிதாகச் சேர்ந்தபோது ஒரு தொழிலாளியின் பெயரை இனிஷியலோடு பி.எஃப். கணக்கில் ஏற்றிவிட்டேன். ஆதாரில் அதே இனிஷியல் அப்பா பெயராக முழுசாக விரிந்திருந்தது (நம் ஊர் இனிஷியல் படுத்துகிற பாடு தனிக் கதை). வேலையை விட்ட பிறகு அந்த மனிதர் தன் சொந்தப் பணத்துக்கு மாதக்கணக்கில் அலைந்தார். டைம் ஆபீஸ் அண்ணன் என்னைத் திட்டவில்லை. ஆதார், பான், பாஸ்புக் மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்து, ‘எழுத்தெழுத்தாப் படி’ என்றார், அவ்வளவுதான். இன்றுவரை அப்படித்தான் படிக்கிறேன்.

எம்.பி.ஏ. கட்டாயமா?

ஆளெடுப்பு, பேரோல் (சம்பளக் கணக்கு) வேலைக்கு இல்லை. தொழிற்சாலையில் நல அலுவலர் ஆக வேண்டுமென்றால் அதற்கென்று விதித்த படிப்பு வேண்டும்.

சீனியர் சொல்வதை அப்படியே நம்பலாமா?

சட்டத்தில் வேண்டாம். 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை 4 தொகுப்புகளாகச் சுருக்கி 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்றாலே ஐந்து வருடம் என்று பழகியவர்கள் நாங்கள், இப்போது குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருடம் போதும். அதனால் சீனியர் ஒரு சட்டப் பிரிவு எண் சொன்னால் தலையாட்டிவிட்டு, அப்புறம் தனியாக எடுத்துப் பாருங்கள். ஆனால் ஒருவரை வேலையை விட்டு அனுப்பும்போது அந்த சீனியர் கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் டம்ளரை முதலில் நகர்த்தி வைத்துவிட்டுப் பேச ஆரம்பிக்கிறாரா, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.