ட்வின் ரிவெர்பைத் தூக்க முடியவில்லை. அதே ஒலியைத் தரும் சிறிய ஆம்ப் எது?

சென்னை வாசகர் ஒருவரின் கேள்வி: “என்னிடம் ஃபெண்டர் ’65 ட்வின் ரிவெர்ப் என்ற கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கி) இருக்கிறது. மெல்லிசைக் கச்சேரிகளிலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் வாசிக்கிறேன். வீடு லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆம்பின் வால்யூமை நான் 3-க்கு மேல் வைப்பதே இல்லை. டிஸ்டார்ஷனுக்கு (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவதற்கு) பெடல் இருக்கிறது. எனக்கு வேண்டியது அந்தத் தெளிந்த ஒலியும் ஸ்பிரிங் ரிவெர்பும் (சுருள்கம்பியால் உண்டாகும் எதிரொலியும்)தான். ஃபெண்டரின் சிறிய மாதிரிகளான டீலக்ஸ் ரிவெர்ப் போதுமா, பிரின்ஸ்டன் போதுமா, அல்லது ட்யூபையே (வெற்றிடக் குழாயையே) விட்டுவிடலாமா?”

நீங்கள் சொல்லும் பயன்பாட்டுக்கு டீலக்ஸ் ரிவெர்ப் பெரும்பாலும் போதும், பிரின்ஸ்டன் போதாது. ட்யூபை விடுவதைப் பற்றி முன்முடிவு எதுவும் இல்லாமல், ஒரு முறை காதால் கேட்டுப் பார்த்த பிறகு தீர்மானியுங்கள். சிறிய ட்யூப் ஆம்ப் எதை வாங்கினாலும் ட்வினிடமிருந்து ஏதோ ஒன்றை இழக்கத்தான் வேண்டியிருக்கும். அது பலரும் அஞ்சுவதைப் போல மேல்ஸ்தாயியின் மினுக்கமோ ரிவெர்போ அல்ல; கனத்த கம்பிகளின் உறுதிதான். இதைப் புரிந்துகொண்டு கடைக்குப் போனால் ஏமாற்றம் இருக்காது.

ட்வினின் எடை சுமார் 29 கிலோ. அதில் பெரும்பகுதி இரும்பும் காந்தமும். நான்கு 6எல்6 ட்யூப்களிலிருந்து 85 வாட் வெளிவர வேண்டும். தாழ்ந்த ஸ்வரங்களையும் அந்த அளவில் சிதையாமல் கடத்த வேண்டுமென்றால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் நிறைய இரும்பு இருந்தே ஆக வேண்டும். அவ்வளவு மின்சாரத்தைத் தர பவர் டிரான்ஸ்ஃபார்மரும் பெரிதாகிறது. இவற்றோடு செராமிக் காந்தம் கொண்ட இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்களும், அவற்றைத் தாங்கும் பெட்டியும் சேர்கின்றன. ஆகவே ட்யூப் ஆம்பில் எடையைக் குறைக்க முக்கியமான வழிகள் இரண்டு: ஒன்று வாட்டைக் குறைப்பது, மற்றொன்று காந்தத்தை மாற்றுவது.

இப்போது ஒலிக்கு வருவோம். 1960-களின் நடுவில் வந்த கருப்பு முகப்பு ஃபெண்டர் ஆம்ப்களில் ட்வினும் டீலக்ஸும் முன்பகுதியில் ஏறத்தாழ ஒரே வடிவமைப்பு. கிட்டாரின் சிக்னலை முதலில் பெருக்கும் 12ஏஎக்ஸ்7 ட்யூப், அதை அடுத்து வரும் ட்ரெபிள்-பாஸ் சுற்று, 12ஏடி7 ட்யூப் கொண்டு ஸ்பிரிங் தொட்டியை இயக்கும் ரிவெர்ப் பகுதி ஆகிய எல்லாம் இரண்டிலும் ஒரே வகை. வால்யூம் 3-ஐத் தாண்டாத ஒருவர் கேட்பது பெரும்பாலும் இந்த முன்பகுதியையும் ஸ்பீக்கரையும்தான். பின்னால் இருக்கும் 85 வாட்டின் பெரும்பங்கு அவருக்குக் கையிருப்பாகவே கிடக்கிறது. உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பயன்பட்ட தகவல் அந்த 3 என்ற எண்தான்.

வேறுபாடு பின்பகுதியில் தொடங்குகிறது. டீலக்ஸில் இரண்டு 6வி6 ட்யூப், 22 வாட், ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், எடை சுமார் 19 கிலோ. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் வேலையை ட்வினில் சிலிக்கான் டயோடுகள் செய்கின்றன. டீலக்ஸில் அதற்கும் ஒரு ட்யூப் இருக்கிறது. பலமாக ஒரு கார்டை அடிக்கும்போது அந்த ட்யூபில் வோல்டேஜ் சற்றே தளர்ந்து மீள்வதால், ஒலியின் முனை மழுங்கி, விரலுக்கு ஒரு நெகிழ்வு தெரியும். பலருக்கு அது பிடிக்கிறது. ட்வினின் விறைப்பான பதிலுக்குப் பழகிய கைக்கு முதல் சில நாட்கள் அது குறையாகத் தெரியலாம்.

85 வாட்டிலிருந்து 22 வாட்டுக்கு இறங்குவது நாலில் ஒரு பங்காகக் குறைவதுபோல் தோன்றும். காது அப்படிக் கணக்கிடுவதில்லை. வாட் பாதியானால் குறைவது 3 டெசிபெல் மட்டுமே. ஒலி பாதியாகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபெல் குறைய வேண்டும். 85-க்கும் 22-க்கும் இடையே உள்ளது 6 டெசிபெலுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் இரண்டு ஸ்பீக்கர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது தாழ்ந்த ஸ்வரங்களில் ஒன்றுக்கொன்று துணை நின்று மேலும் 3 டெசிபெல் வரை தருகின்றன. அதனால் மேல்ஸ்தாயியில் சிறிதாக இருக்கும் இழப்பு, மிகத் தாழ்ந்த ஆறாவது கம்பியை விரல் வைக்காமல் வாசிக்கும் இடத்தில் பெரிதாகிறது. டிரம்ஸோடு வாசிக்கும்போது டீலக்ஸ் முதலில் திணறுவதும் அந்த இடத்தில்தான்: பாஸ் கனத்துக் குழைந்து, கார்டுக்குள் இருக்கும் ஸ்வரங்கள் தனித்தனியாகப் பிரிந்து கேட்காது.

முகப்பிலும் இரண்டு மாற்றங்களைக் காண்பீர்கள். ட்வினில் இருக்கும் மிடில் (நடு ஸ்தாயி) குமிழ் டீலக்ஸில் கிடையாது. அதற்குப் பதிலாக உள்ளே 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று நிலையாக இருக்கிறது. ட்வினின் மிடில் குமிழ் 0 முதல் 10 கிலோ ஓம் வரை நகர்வது. அதாவது, ட்வினில் மிடிலை நடுவுக்குச் சற்று மேலே வைத்து வாசிக்கிறவருக்கு டீலக்ஸ் பழகிய ஒலியாகவே கேட்கும்; மிடிலை மிகவும் குறைத்து வைக்கிறவருக்கு அது மூக்கால் பாடுவதுபோல் இருக்கும். அடுத்தது மேல்ஸ்தாயியைக் கூர்மையாக்கும் பிரைட் சுவிட்ச். ட்வினில் அதை அணைத்து வைக்கலாம். டீலக்ஸின் வைப்ரேட்டோ சேனலில் (ரிவெர்ப் உள்ள உள்ளீட்டில்) ஒரு சிறிய கெபாசிட்டர் எப்போதும் இணைந்தே இருக்கிறது. வால்யூம் குறைவாக இருக்கும்போது அது கூர்மையாகக் கேட்கும். ஓவர்டிரைவ் பெடலோடு சேரும்போது சற்று எரிச்சலூட்டும். ட்ரெபிளை 4-க்குக் கீழே இறக்கிப் பாருங்கள். அப்போதும் உறுத்தினால் அந்தக் கெபாசிட்டரைத் துண்டிப்பது பழகிய டெக்னீஷியனுக்குச் சில நிமிட வேலை.

டீலக்ஸை ட்வினுக்கு அருகே கொண்டுபோகும் முதல் மாற்றம் ஸ்பீக்கர். ஸ்பீக்கரின் விவரத்தாளில் எத்தனை வாட் தாங்கும் என்பதை மட்டும் பார்க்காமல், சென்சிட்டிவிட்டி (அதே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும்) எத்தனை டெசிபெல் என்பதைப் பாருங்கள். 97 டெசிபெல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபெல் ஸ்பீக்கரைப் பொருத்தினால், ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்கு நிகரான சத்தம் கிடைக்கிறது. ட்யூபுக்குக் கூடுதல் சுமையும் இல்லை. 8 ஓம் ஸ்பீக்கராகவே வாங்குங்கள். நியோடிமியம் காந்தம் உள்ளதாக இருந்தால் எடையும் குறையும். டீலக்ஸ் வாங்குகிறவர்கள் ட்யூப்களை மாற்றிக்கொண்டே இருப்பதைப் பார்க்கிறேன். அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பிரின்ஸ்டன் ரிவெர்ப் அழகான ஆம்ப். எடை சுமார் 15 கிலோ, ஸ்பீக்கர் 10 அங்குலம், திறன் 12 வாட் அளவு. ரெக்கார்டிங் அறையில் அதற்கு மேல் தேவைப்படாது. ஆனால் அதன் உட்புற அமைப்பு சீக்கிரமே டிஸ்டார்ட் ஆகும் வகையைச் சேர்ந்தது. அதன் புகழே அந்த முறிவு ஒலிக்குத்தான். நீங்கள் வேண்டுவது அதற்கு நேர் எதிர்.

உங்கள் கச்சேரிகளில் டிரம்ஸ் பலமாக இருந்து, ஆம்புக்கு மைக் வைக்கும் வசதியும் இல்லையென்றால், 35 முதல் 40 வாட் வரையிலான, இரண்டு 6எல்6 கொண்ட ஆம்ப்களைப் பாருங்கள். ஃபெண்டரின் ’68 கஸ்டம் புரோ ரிவெர்ப் இந்த வகை: 40 வாட், நியோடிமியம் காந்தம் கொண்ட ஒரே 12 அங்குல ஸ்பீக்கர். 6எல்6 ட்யூபின் கனத்த அடிநாதம் அதில் இருக்கிறது. ட்யூப்தான் வேண்டும், பாஸும் தளரக் கூடாது என்று நீங்கள் உறுதியாக இருந்தால், டீலக்ஸுக்கு முன்னால் இதை வாசித்துப் பார்க்கச் சொல்வேன்.

ட்யூப் இல்லாத வழி, 2019-இல் ஃபெண்டர் வெளியிட்ட டோன் மாஸ்டர் வரிசை. இதிலுள்ள டோன் மாஸ்டர் ட்வின், ட்வினின் சுற்றை டிஜிட்டலாகப் போலச்செய்து, 200 வாட் பெருக்கி வழியே இரண்டு நியோடிமியம் ஸ்பீக்கர்களுக்கு அனுப்புகிறது. எடை சுமார் 15 கிலோ, அதாவது உங்கள் ஆம்பில் ஏறத்தாழ பாதி. பின்புறச் சுவிட்சால் திறனை, ட்வினின் 85 வாட்டுக்கு நிகரான நிலையிலிருந்து 1 வாட் நிலை வரை படிப்படியாக இறக்கலாம். மைக் இல்லாமலே மிக்சருக்கு நேரடியாக லைன் கொடுக்கலாம். டோன் மாஸ்டர் டீலக்ஸ் இன்னும் லேசு, 10 கிலோ சொச்சம். டிஜிட்டல் போலச்செய்தலில் வேறுபாடு தெரிவது பெரும்பாலும் ஆம்ப் முறியும் எல்லையில்தான். தெளிந்த ஒலியிலேயே நிற்கிற உங்களுக்கு அந்த வேறுபாடு மிகக் குறைவாகவே எட்டும். இரண்டு ஸ்பீக்கர்களின் அகன்ற ஒலியும் மிடில் குமிழும் பிரைட் சுவிட்சும் அப்படியே கிடைக்கின்றன. ஒலியை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் ட்வினுக்கு மிக அருகில் வருவது இதுதான். பழுது பார்க்கும் விஷயத்தில் மட்டும் யோசிக்க வேண்டும்: ட்யூப் ஆம்பைத் திறமையான டெக்னீஷியன் பல ஆண்டுகள் கழித்தும் உயிர்ப்பிக்க முடியும், இதன் டிஜிட்டல் பலகை போனால் உற்பத்தியாளரின் உதிரிப்பாகத்தை நம்பித்தான் இருக்க வேண்டும்.

கடையில் வாசித்துப் பார்க்கும்போது உங்கள் கிட்டாரையும் பெடல்களையும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் பெடல் இல்லாமல், கச்சேரியில் தேவைப்படும் சத்தத்துக்கு வால்யூமை ஏற்றி, திறந்த ஈ கார்டைப் பலமாக அடித்து, அது அடங்கும் வரை ஆறாவது கம்பியை மட்டும் கவனியுங்கள். ‘தொம்’ என்று திரளாக நின்றால் சரி. ‘பொர்ர்’ என்று அதிர்ந்தால் அந்த ஆம்ப் தன் எல்லையைத் தொட்டுவிட்டது. பிறகு பெடலைப் போட்டு அதையே மீண்டும் செய்யுங்கள். தனியாக வாசிக்கும்போது எந்த ஆம்பும் நன்றாகத்தான் கேட்கும். ஆகவே முடிந்தால் ஒரு டிரம்மரோடு ஒரு ஒத்திகை வாசிக்கும் வரை பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மேடையில் சிறிய ஆம்பைத் தரையில் வைக்காதீர்கள். முழங்கால் உயரத்தில் போகும் ஒலி உங்கள் காதுக்கு வராததால் வால்யூமை ஏற்றிக்கொண்டே போவீர்கள், முன்வரிசையில் இருப்பவர்கள் அவதிப்படுவார்கள். ஒரு நாற்காலியிலோ சாய்வு ஸ்டாண்டிலோ வைத்துக் காதை நோக்கித் திருப்பி, முன்னால் ஒரு சாதாரண டைனமிக் மைக்கை வையுங்கள். அரங்குக்கான சத்தத்தை மிக்சர் பார்த்துக்கொள்ளட்டும்.

ட்வினை விற்க மனம் வரவில்லையென்றால், அதன் சேஸிஸை (மின்சுற்று பொருத்திய உலோகச் சட்டத்தை) தனி ஹெட் பெட்டிக்கு மாற்றி, ஸ்பீக்கர்களைத் தனிக் கேபினட்டாக்கி, சுமையை இரண்டு நடையாகப் பிரிக்கலாம். ஆனால் அதற்குள் 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். இந்த வேலையை நீங்களே செய்ய வேண்டாம். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்பை ஓட்டவும் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் மூலம் வாங்கிவரச் செய்வதாக இருந்தால், ஆம்பின் பின்புறம் எழுதியிருக்கும் வோல்டேஜைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அமெரிக்காவில் விற்பது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் வீட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இடையில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்டேஜ் சரியாகிவிடும், ஹெர்ட்ஸ் மாறாது. 60-க்கு மட்டும் வடிவமைத்த பவர் டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் கூடுதலாகச் சூடேறும். அதோடு அந்த ஸ்டெப் டவுனையும் நீங்கள்தான் மூன்று மாடி சுமக்க வேண்டியிருக்கும் என்பதால், சில ஆயிரம் கூடுதலானாலும் 230 வோல்ட் மாதிரியாகவே வாங்குங்கள்.