எம்பும் உயரம் ஏன் மாறுகிறது?

கேள்வி: 13 வயதுப் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லித் தருகிறேன். எம்பும் உயரத்தைச் சுவரில் அளந்தால் வாரத்துக்கொரு கணக்கு வருகிறதே, ஏன்?
– வாசகர், செங்கோட்டை

பதில்: பிழை பெரும்பாலும் குதிப்பதில் இல்லை, நின்று எட்டும் உயரத்தை எடுப்பதில்தான். குதிகால் தரையில் பதிய, தோளையும் முழுக்க உயர்த்தி, சாக்பீஸ் தூள் தடவிய நடுவிரலால் சுவரைத் தொடச் சொல்லுங்கள். தோளைச் சுருக்கி நின்ற பிள்ளைக்கு, இல்லாத சில சென்டிமீட்டர் கணக்கில் ஏறிவிடும். பிறகு சுவருக்கு ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் நின்று, அடி எடுத்து வைக்காமல் எம்பி, அதே விரலால் சுவரைத் தொடட்டும். இரண்டு தடங்களுக்கும் உள்ள இடைவெளியே கணக்கு. மூன்று முறை, நடுவே ஒரு நிமிட ஓய்வு, அதிகமானதைக் குறியுங்கள். வளர்கிற வயது; நின்று எட்டும் உயரத்தை ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுக்க வேண்டும். ஓடிவந்து தாவுவதைச் சுவரில் சோதிக்காதீர்கள், மோதிக்கொள்வார்கள். சாரலில் நனைந்த தரையில் வேண்டவே வேண்டாம்.