பழைய கட்டிடங்கள்: பட்டியல், தரம், பழுது – வாசகர் கேள்விகள்

மயிலாப்பூரில் தாத்தா கட்டிய வீடு பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதாம். இனி விற்க முடியாதா?

தாராளமாக விற்கலாம், வாடகைக்கும் விடலாம். பட்டியல் உங்கள் உரிமையைத் தொடாது. இடிக்கவோ மாற்றவோ போனால்தான் சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியப் பாதுகாப்புக் குழு குறுக்கே வரும். வாங்குபவரிடம் மறைக்காமல் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

படம் இணைத்திருக்கிறேன். இது ஹெரிட்டேஜ் கட்டிடமா?

தெருப் பெயர் இல்லை, கதவு எண் இல்லை, படத்தில் பாதி மரம். எதை வைத்துச் சொல்வது? சர்வே எண், நான்கு பக்கப் படங்கள், பத்திர நகல், இத்தனையும் வேண்டும். நூறு வயதாகிவிட்டது என்பது மட்டும் போதாது. சென்னையில் முதலில் பார்க்க வேண்டியது நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியல். அதில் ஏறக்குறைய 470 கட்டிடங்கள். 2010-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவற்றுக்குக் காப்பு தந்தது.

திருவல்லிக்கேணி வீட்டின் மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகுகிறது. ‘அபாயக் கட்டிடம், இடிப்பதே வழி’ என்று இன்ஜினீயர் எழுதிக் கொடுத்துவிட்டார். என்ன செய்ய?

அந்தக் காகிதத்தை நம்பி எதையும் தொடாதீர்கள். கூரையைத் திறந்து பார்த்தாரா? உத்திரத்தின் முனையில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தாரா? கீழே நின்று கறையைப் பார்த்துவிட்டு எழுதும் சான்றிதழால்தான் நம் ஊரில் நல்ல வீடுகள் போகின்றன. பட்டியலில் இருக்கும் வீட்டை ஒழுக விட்டு, உளுக்க விட்டு, கடைசியில் ‘அபாயம்’ என்று எழுதி வாங்குவதும் நடக்கிறது. அந்தக் கதி உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

இந்தக் கூரை தேக்கு உத்திரம், அதன்மேல் மூலைவாட்டில் செங்குத்தாக அடுக்கிய அச்சுக்கல் (சின்னச் செங்கல்), அதற்கும் மேல் மூன்று அங்குலம் போலச் செங்கல் ஜல்லி கலந்த சுண்ணாம்புக் காரை, உச்சியில் தட்டோடு. பெரும்பாலும் கெடுவது சுவருக்குள் புதைந்த உத்திர முனைதான். மழைநீர்க் குழாய் அடைத்துத் தண்ணீர் தேங்கும், சுவர் ஊறும், முனை உளுக்கும், கரையானும் சேரும். நடு உத்திரம் கல்லாக இருக்கும். முட்டுக் கொடுத்து, கெட்ட முனையை மட்டும் வெட்டி, புதுத் தேக்கை ஒட்டிப் போல்ட் போடலாம். இருபுறமும் இரும்புத் தகடு வைத்தும் முடுக்கலாம். சுவரில் அரசமரக் கன்று முளைத்திருந்தால், மேலே மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். சுவரைப் பிரித்து வேரோடு எடுக்க வேண்டும்.

மறுபூச்சுக்கு சிமென்ட் கூடாது. எத்தனை முறை சொன்னாலும் கொத்தனார் சிமென்ட் மூட்டையோடுதான் வருகிறார்! சுண்ணாம்புச் சுவரில் ஏறிய ஈரம் பூச்சு வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிமென்ட் அதை அடைத்துவிடும். உப்புப் பூத்து, செங்கலின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். நீற்றிய சுண்ணாம்பை இரண்டு வாரமாவது ஊற வைத்து, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்துப் பூசி, பத்து நாள் ஈரம் காயாமல் பாருங்கள்.

பழங்கட்டிட வேலை தெரிந்த இன்னொரு இன்ஜினீயரை அழையுங்கள். எந்த உத்திரம், எந்தச் சுவர், எவ்வளவு கேடு என்று அறை அறையாக எழுத்தில் வாங்குங்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் அருகே வீடு. கோபுரத்திலிருந்து 100 மீட்டர் தாண்டிவிட்டது. மாடி கட்டலாமா?

கோபுரத்திலிருந்து அளக்கக் கூடாது. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் எல்லையின் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். முதல் 100 மீட்டரில் புதுக் கட்டுமானம் கிடையாது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டிடமென்றால் பழுது பார்க்க மட்டும் விண்ணப்பிக்கலாம். அடுத்த 200 மீட்டரில் கட்டலாம், முன் அனுமதியோடு. கட்டிவிட்டுக் கேட்பவருக்கு என்னிடம் பதில் இல்லை.

மும்பையில் IIA தரக் கட்டிடத்தில் குடியிருக்கிறோம். உள்சுவரை எடுக்கலாமா?

IIA என்பது இரண்டாம் தரத்தின் மேல்பிரிவு. அந்தத் தரத்தில் உள் மாற்றங்களுக்கு இடமுண்டு. வெளிமுகம்தான் கண்டிப்பாகப் பார்க்கப்படும், ஜன்னலில் ஏ.சி. பெட்டி மாட்டுவது உட்பட. முதல் தரமாக இருந்தால் உள்ளேயும் தொட முடியாது, வலுப்படுத்தும் வேலை தவிர. அந்தச் சுவர் மேல்மாடியைத் தாங்குகிறதா என்பதை முதலில் பாருங்கள். அதையும் எழுத்தில் வாங்குங்கள்.