பயிற்சி வீடியோ போட்டும் ஒன்றும் மாறவில்லையே?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மனிதவளப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 240 பேர். பாதிக்கு மேல் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வந்தவர்கள். செக்கிங்கில், அதாவது தைத்ததைச் சரிபார்க்கும் பிரிவில், காது கேளாத பெண்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். எல்லோரையும் சமமாக நடத்துவது பற்றி 45 நிமிட வீடியோ ஒன்றை விலைக்கு வாங்கி, எல்லோருக்கும் போட்டுக் காட்டி, கையெழுத்தும் வாங்கினோம். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் இன்னும் தனித்தனிக் கூட்டம்தான். 'ஏ ஹிந்தி' என்று கூப்பிடுவதும் நிற்கவில்லை. வேறு வீடியோ வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். நீங்களே எடுங்கள், செல்போன் போதும். கடையில் கிடைக்கும் வீடியோக்களில் பெரும்பாலும் ஏசி அறையில் கோட் போட்டவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். ஓவர்லாக் தையல் மிஷினில் நாள் முழுக்கக் குனிந்திருக்கும் பெண்ணுக்கு அது யாரோ எங்கோ பேசுவதாகத்தான் படும்.

இதை எனக்குப் புரியவைத்தது விவசாயத்தில் நடந்த ஒரு வேலை. 2006-ல் பெங்களூரில், மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவில் இருந்தபோது ரிகின் காந்தி 'டிஜிட்டல் கிரீன்' திட்டத்தைத் தொடங்கினார். அந்தந்தப் பகுதி விவசாயிகளையே வைத்து வீடியோ எடுத்து ஊரில் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் முதலில் கேட்டது, 'இவர் பேர் என்ன, எந்த ஊர்க்காரர்?' என்றுதான். நம்மைப் போன்ற ஒருவர் செய்கிறார் என்று தெரிந்த பிறகுதான் விஷயத்துக்குக் காது கொடுத்தார்கள். இன்னொன்றும் முக்கியம்: வீடியோ ஓடும்போது உள்ளூர்க்காரர் ஒருவர் பக்கத்திலேயே நின்று, நடுநடுவே நிறுத்தி, கேள்வி கேட்டுப் பேசவைத்தார். வழக்கமான முறையைவிட, செலவழித்த பணத்துக்குப் பத்து மடங்கு பலன் கிடைத்ததாக அவர்களுடைய ஆரம்ப ஆய்வு சொன்னது.

உங்களுக்கும் இதுதான் வழி. மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு வீடியோவில் ஒரே ஒரு சம்பவம். அதில் என்ன செய்ய வேண்டும் என்று உபதேசம் சொல்லாதீர்கள். சிக்கல் முற்றும் இடத்தில் நிறுத்திவிட்டு, 'இப்ப இவர் என்ன செய்யணும்?' என்று கேளுங்கள். ஒரு தடவைக்கு 12 பேர், அதிகம் போனால் 15 பேர். 240 பேரையும் ஒரே ஹாலில் உட்காரவைத்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நான் பயிற்சி கொடுத்த ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். சூப்பர்வைசர் விரலைச் சொடுக்கி ஒரு பெண்ணைக் கூப்பிடும் காட்சியில் வீடியோவை நிறுத்தினேன். வெகுநேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் துணி மடிக்கும் வேலையில் இருந்த ஒரு பெண், ஒடிசாக்காரர், தெரிந்த தமிழில் சொன்னார்: 'அவருக்கு எங்க பேர் தெரியாது. எங்களுக்கும் அவர் பேர் தெரியாது.' அங்கிருந்த சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார். தன் லைனில் இருந்த 22 பேரில் ஒன்பது பேரின் பெயர்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. மறுவாரம் ஒவ்வொரு மிஷினிலும் பெயரைத் தமிழிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டினார்கள். அந்த லைனில் சொடுக்கிக் கூப்பிடுவது மெல்ல மெல்லக் குறைந்தது.

அந்தப் பெயர்ச் சீட்டைக் கவனியுங்கள். வீடியோவோடு சேர்த்து நடைமுறையில் ஏதாவது ஒன்று மாற வேண்டும். 2018 ஏப்ரலில், ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஸ்டார்பக்ஸ் கடையில் எதுவும் வாங்காமல் ஒருவருக்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களைப் போலீஸ் கைது செய்தது. மே 29 அன்று அமெரிக்காவில் 8,000-க்கும் மேற்பட்ட கடைகளைப் பிற்பகல் மூடி, ஊழியர்களுக்கு வீடியோக்களோடு பயிற்சி கொடுத்தார்கள். ஆனால் அதற்குச் சில நாட்களுக்கு முன்பே ஒரு விதியை மாற்றியிருந்தார்கள்: எதுவும் வாங்காவிட்டாலும் கடையில் உட்காரலாம், கழிப்பறையைப் பயன்படுத்தலாம். (2025 ஜனவரியில் இதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.) என்னைக் கேட்டால், அந்த ஒரு பிற்பகல் பயிற்சியைவிட அந்த விதிதான் பெரிய வேலை செய்திருக்கும். யாரை வெளியே அனுப்புவது என்று முடிவெடுக்கும் நிலையே ஊழியருக்கு அதிகம் வராது அல்லவா?

மொழி விஷயத்தில் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள், படிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள். உங்கள் தொழிலாளி ஒருவரையே ஒடியாவிலும் இந்தியிலும் குரல் கொடுக்கச் சொல்லுங்கள். காது கேளாத மூன்று பேருக்கு இந்திய சைகை மொழி தெரியுமா என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள். தெரிந்தால், பேச்சு நடக்கும்போது மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அவசியம். திரையில் மட்டும் சைகை வைத்துவிட்டால் படத்தைப் பார்ப்பார்கள், பேச்சில் சேர முடியாது.

நடந்த சம்பவத்தை அப்படியே படமாக்காதீர்கள். பாதிக்கப்பட்டவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நடிப்பவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது.

பீஸ் ரேட்டில், அதாவது எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, வேலை செய்பவர்களுக்கு வீடியோவுக்கும் பேச்சுக்கும் போகும் அரை மணி நேரச் சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள். இதைச் செய்யாத இடத்தில் எல்லோர் கண்ணும் கடிகாரத்தின் மேலேயே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள் புகார்க் குழு அமைக்க வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்த வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைச் சொல்கிறது. வீடியோ போட்டதால் குழு அமைத்ததாக ஆகிவிடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி சமவாய்ப்புக் கொள்கையும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

பலன் தெரிய, கையெழுத்துகளை எண்ணாதீர்கள். சேர்ந்த மூன்று மாதத்துக்குள் வேலையை விட்டுப் போகிறவர்கள் யார், வெளிமாநிலத்தவரில் எத்தனை பேர் சூப்பர்வைசர் ஆனார்கள் என்று பாருங்கள். முதல் சில மாதங்களில் புகார் கூடினால் முதலாளி பதறுவார். சொல்ல இடம் இருக்கிறது என்று தொழிலாளர்கள் நம்பத் தொடங்கியிருக்கலாம் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வருகிற புகாரை உடனே விசாரியுங்கள். குழு உறுப்பினர்களின் பெயரும் போன் நம்பரும் ஒவ்வொரு வீடியோவின் கடைசியிலும் மூன்று மொழியிலும் வரட்டும். போனை எடுப்பவருக்கு ஒடியாவோ இந்தியோ தெரிந்திருக்கட்டும்.